கழித்துப் போட்ட படங்கள்

பத்து மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். வாசல் காவலர் அடையாள அட்டையை வாங்கி, அதிலிருந்த படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். படத்தில் இருந்த கன்னம் ஆளிடம் இல்லை. அவர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். பாவம், நல்ல மனுஷன்.

அங்கே அவளை எல்லாரும் வடிகட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்த ஒரு ப்ரோகிராமுக்கு வைத்த பெயர் அது, ஆளோடும் ஒட்டிக்கொண்டது. அவள் கணவனுக்குப் பட்டப்பெயர் ஸ்பேனர். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லேசர் அறையைப் பார்த்துக்கொண்டவன். கல்யாணத்தன்றுகூடப் பையில் ஸ்பேனரோடு வந்து நின்றான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பத்து மாதத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை மதியம், அந்த லேசர் அறையில்தான் செத்துப்போனான்.

அங்கே நடக்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றை அடியோடு உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் லேசர் ஒளியை நூறு ஊசிமுனைகளாகப் பிரித்து விடுவார்கள். ஒவ்வொரு முனையையும் ஓர் அணு, ஒரே ஓர் அணு, பிடித்துக்கொண்டு நிற்கும். பத்து வரிசை, வரிசைக்குப் பத்து. இந்த நூறு அணுக்களை வைத்துத்தான் குவாண்டம் கணக்குப் போடுகிறார்கள், சாதாரணக் கம்ப்யூட்டர் ஆயுசு முழுக்க உட்கார்ந்தாலும் முடிக்காத கணக்கு. நொடிக்கு ஒரு தடவை அணுக்களைப் பிடிப்பார்கள், கணக்கு ஓடும், கேமரா படம் எடுக்கும். படத்தில் நூறு வெள்ளைப் புள்ளிகள். நடுவில் ஒளி கண்ணிமைக்கிற நேரம் மறைந்தால்கூடப் போச்சு, அணுக்கள் உதிர்ந்துவிடும், படம் இருட்டாக வரும். அடுத்த நொடிக்குப் புது அணுக்களைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இருட்டுப் படம் வருவது அங்கே தும்மல் வருகிற மாதிரி, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். முன்பெல்லாம் அவள்தான் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, ஓடும் படங்களைக் கண்ணால் பார்த்து, இருட்டை எல்லாம் பொறுக்கி எடுப்பாள். கண் பூத்துப் போகும். அதற்காக எழுதியதுதான் வடிகட்டி. இருட்டுப் படம் வந்தால் அதுவாகவே எடுத்து ஒரு கழிவுக் கோப்பில் போட்டுவிடும். தொடர்ந்து முப்பது படம் இருட்டாக வந்தால் மட்டும் லேசரே போய்விட்டது என்று அர்த்தம். அப்போது மிஷின் நின்று மாடியில் மணி அடிக்கும்.

வந்த அன்றே சார் கூப்பிட்டனுப்பினார். சார் என்றால் அந்த ஆராய்ச்சிக்கே தலைவர். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். விபத்துக்குப் பின் பூட்டிக் கிடந்த லேசர் அறையைத் திறந்து ஆறு வாரம், அன்றிலிருந்து ஒரு தலைவலி. தினமும் மதியம் மூன்று பத்துக்குக் கழிவு தாறுமாறாக ஏறுகிறது, மூன்று முப்பத்து மூன்றுக்கு டக்கென்று நின்றுவிடுகிறது. கணவனின் இடத்துக்கு வந்த ஆள், நாற்பது வயதானாலும் அவருக்குப் பெயர் புதுசு, கண்ணாடி கண்ணாடியாகக் கழற்றிப் பார்த்துவிட்டார். லிஃப்டை நிறுத்திப் பார்த்தார்கள், பக்கத்துக் கட்டடத்தில் வெல்டிங் உண்டா என்று கேட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை. எதற்கும் வடிகட்டி நல்ல படத்தையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொன்னார்.

அந்த நேரம் அவளுக்கு மனப்பாடம். விபத்து அறிக்கையை அவள் எத்தனை முறை படித்திருப்பாள்! லேசர் மேஜையை அதிராமல் தாங்கும் காற்றுக்கால்களுக்கு நைட்ரஜன் போகிற குழாய் ஒழுகியது. அதைச் சரிசெய்யப் போனவன் மேல் சிலிண்டர் சாய்ந்து காலை நசுக்கிவிட்டது. மூன்று ஒன்பதுக்கு, ஒழுகிய நைட்ரஜனால் அறையில் ஆக்ஸிஜன் குறைந்ததென்று உள்ளே இருந்த எச்சரிக்கைப் பெட்டி அலறியிருக்கிறது. அறைச் சுவர் முழுக்கச் சத்தத்தை விழுங்கும் பஞ்சு, வெளியே ஒரு முனகல்கூட வரவில்லை. செல்போன் வெளியே தட்டில் கிடந்தது. அந்த அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. இரண்டே நிமிடத்தில் நினைவு போயிருக்கும், வலி தெரிந்திருக்காது என்று அறிக்கை முடிந்தது.

அந்தக் கடைசி வரியில்தான் ஒரு வீடே நின்றுகொண்டிருந்தது. வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். மாமியார் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நாள் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"கடைசியில அவன் யாரையாவது கூப்பிட்டானாம்மா?"

"இல்ல அத்தை. அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

அதைக் கேட்டால்தான் அந்த அம்மாளுக்குத் தூக்கம் வரும். அவளுக்கும் அப்படித்தான்.

கழிவுக் கோப்பைத் திறந்தாள். பத்து மாதமாக யாரும் எட்டிக்கூடப் பார்க்காத கோப்பு. முந்தின நாள் தேதியை எடுத்து மூன்று பத்துக்கு வந்தாள். பன்னிரண்டாம் நொடி, இருட்டு. பதின்மூன்று, இருட்டு. பதினான்கு இல்லை, அது நல்ல படம். பதினைந்து, இருட்டு. பிறகு ஆறு நொடி ஒன்றுமில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருட்டு. ஒன்று விட்டு, இருபத்தைந்து.

இரண்டு. ஒன்று.

இரண்டு. ஒன்று.

அதற்கு முந்தின நாளையும் எடுத்துப் பார்த்தாள், அதேதான்.

அது என்னவென்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவன் இருந்தபோது, டீ குடிக்கத் தோன்றினால், கீழே லேசர் ஒளிக்குக் குறுக்கே ஓர் அட்டையை இரண்டு தடவை ஆட்டுவான், கொஞ்சம் விட்டு ஒரு தடவை. மாடியில் அவள் திரையில் இருட்டு, இருட்டு, வெளிச்சம், இருட்டு. கீழே வா என்று அர்த்தம். ஒருநாள் சார் கண்டுபிடித்து, இத்தனை பெரிய மிஷினை வைத்து டீக்கு மணி அடிக்கிறீர்களா என்று இருவரையும் நிற்கவைத்துத் திட்டினார். அதற்கப்புறமும் விடவில்லை, கொழுப்பு.

அவள் அந்த வியாழக்கிழமையை எடுத்தாள். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

மூன்று பத்து. இரண்டு. ஒன்று. மூன்று பதினொன்று. இரண்டு. ஒன்று. இரண்டு. ஒன்று. பக்கம் பக்கமாகப் போயிற்று. மூன்று இருபதுக்கு மேல் இடைவெளி நீண்டது. மூன்று முப்பதில் கை நடுங்கியிருக்க வேண்டும், அரைகுறையாக மறைத்த ஒளியில் பாதி அணுக்கள் தப்பி நின்றன. கடைசியாக மூன்று முப்பத்து மூன்று.

இரண்டு.

ஒன்று வரவே இல்லை.

அவன் உள்ளங்கையில் வட்டமாக ஒரு தீக்காயம் இருந்தது. சூடான குழாயில் பட்டிருக்கும் என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். குழாயாவது, மண்ணாவது. இருபத்து மூன்று நிமிடம் அந்தக் கையால்தான் ஒளியை மறைத்திருக்கிறான். நினைவோடு, காலின் மேல் சிலிண்டரோடு, இருக்கிற கொஞ்சக் காற்றையும் இழுத்து இழுத்து, அவளைக் கூப்பிட்டிருக்கிறான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சண்டை. மிக்ஸியைக் கழற்றிச் சமையலறை மேடையெல்லாம் பரப்பிவிட்டு வாரக்கணக்கில் மாட்டாமல் இருந்தான், அதற்குத்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை. திங்கட்கிழமை அவள் வடிகட்டியை முதல் தடவையாக ஓடவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை. பேச்சே இல்லாதபோது என்னத்தைச் சொல்ல? ஆக, வியாழக்கிழமை மதியம் அவள் திரையில் நல்ல படங்கள் மட்டும் ஒழுங்காக ஓடின. அவள் முறுக்கைக் கடித்தபடி யாரோ அனுப்பிய புடவைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரை பஸ்ஸுக்கு அவனுக்குக் காத்திராமல் கிளம்பிப் போனாள். ஐந்து மணிக்குத்தான் அறையைத் திறந்திருக்கிறார்கள்.

கையை எடுக்காமல் அரை நிமிடம் அப்படியே வைத்திருந்தால் முப்பது படம் இருண்டிருக்கும், மணி அடித்திருக்கும், கட்டடமே கீழே ஓடியிருக்கும். அந்த மணி வடிகட்டிக்கு முன்பிருந்தே உண்டு, அவனுக்கும் தெரியும். ஆனால் எதற்கு மணி? மேலே பெண்டாட்டி பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள், கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று நம்பிவிட்டான். அப்புறம், வரவில்லை என்றதும், பார்த்துவிட்டும் வீம்புக்கு வராமல் இருக்கிறாள் என்று நினைத்திருப்பான். அப்படி நினைத்துக்கொண்டேதான் போயிருப்பான்.

அவள் எழுந்தாள். மணி மூன்று ஐந்து.

கீழ்த்தளத்தில் லேசர் அறை வாசலில் புதுசு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார், ஆனால் கூட வரவில்லை. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். சாவி தன்னிடம்தான் இருக்கிறது, யாரும் இல்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த நேரத்துக்கு நான் உள்ள போறதில்லக்கா. ஏன்னு கேக்காதீங்க."

போனைத் தட்டில் வைத்தாள். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவைத் தள்ளினாள். கதவுக்குப் பின்னால் கனமான கறுப்புத் திரை. அதையும் விலக்கி உள்ளே போனாள்.

விளக்கில்லாத அறை. பட்டப்பகல் மூன்று மணிக்கு அந்த அறையில் ராத்திரிதான். சூடேறிய தூசி வாசனை, ரப்பர் வாசனை, அதற்கு அடியில் லேசாக எண்ணெய். அவன் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது வரும் வாசனை. சுவர்ப் பஞ்சு எல்லாச் சத்தத்தையும் விழுங்கியதால் அவளுக்குத் தன் மூச்சும், காதுக்குள் ரத்தம் ஓடுவதும் மட்டும் கேட்டன. அறையின் ஒரு கோடியில் சிலிண்டர்கள், சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் லேசர். அங்கிருந்து ஒளி மேஜை நெடுகப் போய், கதவுக்கு அருகே சுவரிலிருந்த ஓட்டை வழியாக அணுக்களின் அறைக்குள் நுழையும். கண்ணுக்குத் தெரியாத ஒளி அது. அதைப் பார்க்க ஓர் அட்டை இருக்கிறது, பட்ட இடத்தில் ஆரஞ்சு வட்டம் தெரியும்.

அட்டையை எடுத்து ஓட்டைக்கு முன்னால் ஓரமாக நீட்டினாள். ஆரஞ்சு வட்டத்தின் விளிம்பு, அசையாமல்.

மூன்று பத்து.

வட்டம் அணைந்தது. வந்தது. அணைந்தது. வந்தது.

கொஞ்சம் விட்டு, அணைந்தது.

லேசருக்கும் அட்டைக்கும் நடுவில் வெறும் காற்றுதான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, அட்டையை மேஜை நெடுகச் சிலிண்டர் பக்கமாக நகர்த்திக்கொண்டே போனாள். இருளும்போது எல்லா இடத்திலும் இருண்டது. லேசரின் வாயருகே போனபோதுதான் அட்டை அணையாமல் எரிந்தது. அங்கே எரிகிறது, ஒரு சாண் தள்ளி இல்லை. அந்த ஒரு சாண் காற்றில்தான் ஒளி நிற்கிறது. தரையில் கிடக்கும் ஓர் ஆள் கையைத் தூக்கினால் எட்டுகிற இடம் அது.

அவள் காலடியில் தரை சில்லென்று இருந்தது.

கீழே பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"நான் பாக்கலப்பா," என்றாள். குரல் வெளியே வந்த உடனே பஞ்சு தின்றுவிட்டது. "சத்தியமா பாக்கல. புது ப்ரோகிராம் போட்டிருந்தேன், அது எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுச்சு. உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

இரண்டு. ஒன்று.

"கேக்குதா? பாத்தும் வராம இருக்கலப்பா."

இரண்டு. ஒன்று. அதே நிதானம். அவள் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. அவள் அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். மிக்ஸியை நானே மாட்டிவிட்டேன் என்றுகூடப் பைத்தியக்காரி மாதிரி சொன்னாள். இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று. கடைசியில் பொறுக்க முடியாமல், எந்த நினைப்பில் சொன்னாளோ, சொன்னாள்.

"அப்படி ஆட்டாத. கையை எடுக்காம வச்சிரு. அரை நிமிஷம் போதும், மேல மணி அடிக்கும்."

அட்டை அணைந்தது.

திரும்ப எரியவில்லை.

அவள் மனசுக்குள் எண்ணினாள். பத்து. இருபது. எண்ணுவது அவள் மட்டும்தானா என்று இருபத்தைந்தில் ஒரு சந்தேகம் வந்தது. முப்பதுக்கு அப்புறம் கதவு படீரென்று திறந்தது. வராந்தாவிலிருந்து மணிச் சத்தமும் ஓடிவரும் காலடிகளும் ஒன்றாக உள்ளே கொட்டின. பத்து மாதம் தாமதமாக எல்லாரும் வந்துவிட்டார்கள். திரையைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு வந்த சார், மேஜையருகே அவள் மட்டும் நிற்பதைப் பார்த்தார்.

அன்றிலிருந்து இரண்டு, ஒன்று கிடையாது. தினமும் மூன்று பத்துக்கு ஒளி அப்படியே அணையும், அரை நிமிடத்தில் மணி அடிக்கும், மூன்று முப்பத்து மூன்றுக்கு ஒளி திரும்பும். முதல் வாரம் எல்லாரும் ஓடி வந்தார்கள். சார் லேசரையே மாற்றினார். புதுசு கண்ணாடிகளை மாற்றினார், அப்புறம் வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் வாரம் மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, மூன்றிலிருந்து நான்கு வரை பராமரிப்பு நேரம் என்று ஒரு காகிதத்தை ஒட்டினார்கள்.

அவள் மட்டும் போனாள். திரையை ஒதுக்கி, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, அட்டையோடு உட்கார்ந்திருப்பாள். ஒளி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பாள். முதல் நாள் லேசரின் வாயில். மறுநாள் அதற்கு இரண்டு சாண் தள்ளி. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு சாண். மேஜை நெடுக, நாளுக்குக் கொஞ்சமாக, கதவைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பயமும் இருந்தது, பயத்தைவிடப் பெரிதாகச் சந்தோஷமும் இருந்தது. காலை இழுத்துக்கொண்டு வருகிறான். வரட்டும். கதவு திறந்துதான் இருக்கிறது.

வீட்டில் மாமியாரின் கேள்விக்கு மட்டும் பழைய பதிலையே சொன்னாள். இப்போது அது பொய் என்று தெரிந்தே சொன்னாள். இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். இருபத்து மூன்று நிமிடம் உன் பிள்ளை என்னைக் கூப்பிட்டான், நான் புடவை பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்த அம்மாளுக்கு இவளை விட்டால் வேறு யார்? இவளுக்குத்தான் வேறு யார்?

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பத்துக்கு ஒளி அணையவில்லை.

அட்டையை ஓட்டையிலிருந்து லேசர் வரை கொண்டுபோய்க் காட்டினாள். முழு நெடுகிலும் எரிந்தது. திரும்பக் கதவருகே வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றாள். வராந்தா இருட்டாக இருந்தது. ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரியும் விளக்குகள் அங்கே, இரண்டு நிமிடம் யாரும் அசையாவிட்டால் தானாக அணைந்துவிடும்.

கதவுக்கு நேர் மேலே இருந்த விளக்கு எரிந்தது.

அவள் அசையவில்லை.

அதற்கடுத்த விளக்கு. அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி, நொண்டி நடக்கிறவனுக்கு ஆகும் நேரம். மாடிப்படி முனையில் இருந்த கடைசி விளக்கு எரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் அணைந்தன.

போய்விட்டான் என்று நினைத்து அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் அழுதாளோ தெரியாது. எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. மாமியாரிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும், அடித்தாலும் சரி, வீட்டை விட்டுத் துரத்தினாலும் சரி. தன் வாயால்தான் அந்த அம்மாள் அதைக் கேட்க வேண்டும். தட்டிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள்.

நெடுநேரம் அடித்தது. பிறகு எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"அத்தை, நான்தான். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அவரு..."

"கொஞ்சம் இரும்மா," என்றாள் மாமியார், பக்கத்தில் இருப்பவர் பேச்சைக் கெடுத்துவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக. "அவனே சொல்லிட்டிருக்கான்."